ஃபோர்டு பின்டோ இன்ஜினில் கேம்ஷாஃப்ட் ஏன் தேய்கிறது: ஒரு நிகழ்வு ஆய்வு

பழைய ஃபோர்டு எஸ்கார்ட், கார்ட்டினா, கேப்ரி கார்களைப் புதுப்பித்து, கூடவே கொஞ்சம் வேகமும் ஏற்றி ஓட்டுகிறவர்களிடம் ஒரு புகார் அடிக்கடி வரும். புது கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) போட்டு அதிக தூரம்கூட ஓடவில்லை, அதற்குள் டேப்பெட் அடிக்க, அதாவது வால்வுப் பக்கம் டக்டக்கென்று சத்தம் வர, ஆரம்பித்துவிட்டது. மேல்மூடியைக் கழற்றிப் பார்த்தால் ஏதோ ஒரு லோபின் (வால்வைத் தள்ளும் முட்டை வடிவப் புடைப்பு) மூக்கு உருண்டு மழுங்கிக் கிடக்கிறது. கூடவே அதற்கான விளக்கமும் வரும்: "இப்போது விற்கிற ஆயிலில் துத்தநாகம் இல்லை, அதனால்தான்."

ஆயிலில் தேய்மானத்தைத் தடுப்பது துத்தநாகச் சேர்மம், ஆகவே இந்த விளக்கத்தில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் பின்டோ இன்ஜின் விஷயத்தில் அதை முதல் காரணமாக வைப்பது தவறு. இந்த இன்ஜின் 1970களிலேயே கேம்ஷாஃப்ட்டைத் தின்பதற்குப் பெயர் வாங்கிவிட்டது. அப்போது ஆயிலில் துத்தநாகச் சேர்மத்துக்கு எந்தக் குறைச்சலும் இல்லை. டியூனிங் (வேகம் கூட்டும் மாற்றம்) செய்யாத, வீட்டுக்கும் ஆபீஸுக்கும் ஓடிய சாதாரண கார்ட்டினாக்களிலேயே லோப் தேய்ந்தது. அப்படியானால் மூலக் காரணம் வேறு எங்கோ இருக்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்காமல் விலை உயர்ந்த ஆயிலை ஊற்றுவதால் அடுத்த கேம்ஷாஃப்ட்டும் பிழைக்காது.

இன்ஜின்

ஐரோப்பிய ஃபோர்டு இந்த மேல்கேம் (கேம்ஷாஃப்ட் உச்சியில் இருக்கும்) இன்ஜினை 1970 அக்டோபரில் வந்த மூன்றாம் தலைமுறை கார்ட்டினாவில் 1.6, 2.0 லிட்டர் அளவுகளில் கொடுத்தது. அமெரிக்காவில் விற்ற பின்டோ என்ற சிறிய காரிலும் இதே 2.0 லிட்டர் இன்ஜின் போனதால் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. கேப்ரி, கிரனாடா, எஸ்கார்ட் ஆர்எஸ்2000, டிரான்சிட் வேன், அப்புறம் 1980களின் இறுதிவரை சியரா என்று நீண்ட காலம் ஓடியது. 1986இல் வந்த சியரா காஸ்வொர்த்தின் 16 வால்வு டர்போ இன்ஜினும் இதே பிளாக்கை (சிலிண்டர்கள் உள்ள கீழ்ப்பகுதி) அடிப்படையாகக் கொண்டதுதான். பிளாக் அவ்வளவு உறுதியானது. பிரச்சினை எப்போதும் அதன் மேல் உட்கார்ந்து வால்வுகளைத் தாங்கும் ஹெட்டில்தான்.

நம் ஊரில் அம்பாசடரின் 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜினைப் பிரித்தவர்களுக்கு கேம்ஷாஃப்ட் பிளாக்கின் பக்கவாட்டில், கிராங்குக்கு (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) அருகே இருப்பது பழக்கம். அந்த இடத்தில் கிராங்க் சுழலும்போது தெறிக்கிற ஆயிலே கேமை நனைத்துவிடும். தனியாக யாரும் ஊற்ற வேண்டியதில்லை. இன்னொரு வசதியும் அதில் உண்டு. லோபின் முகம் மிக மெல்லிய சாய்வோடும், டேப்பெட்டின் (லோப் தள்ளும் துண்டு) அடிப்பாகம் மிக மெல்லிய குவிவோடும் இருப்பது அந்த வகை இன்ஜின்களின் வழக்கமான அமைப்பு. அதனால் டேப்பெட் ஒவ்வொரு தூக்கலுக்கும் கொஞ்சம் சுழன்றுகொண்டே இருக்கும். தேய்மானம் ஒரே இடத்தில் விழாமல் முகம் முழுக்கப் பரவும்.

பின்டோவில் இந்த இரண்டு வசதிகளும் கிடையாது. கேம்ஷாஃப்ட் இன்ஜினின் உச்சியில், மூன்று பேரிங் தூண்களில் உட்கார்ந்திருக்கிறது. டைமிங் பெல்ட் அதைச் சுழற்றுகிறது. ஒவ்வொரு வால்வுக்கும் விரல் போன்ற ஒரு ஃபாலோயர். அதன் ஒரு முனை உருண்டைத் தலை கொண்ட ஸ்டட்டில் அமர்கிறது, மறுமுனை வால்வை அழுத்துகிறது, நடுவில் இருக்கும் வளைந்த திட்டில் லோப் உரசுகிறது. ஃபாலோயர் சுழலாது. லோப் எந்தக் கோட்டில் உரசுகிறதோ அதே கோட்டில்தான் இன்ஜின் ஆயுள் முழுக்க உரசும்.

இதன் விசைக் கணக்கு பாக்குவெட்டியின் கணக்குதான். ஒரு முனை அசையாமல் நிற்க, மறுமுனையில் கொடுக்கும் அழுத்தம் நடுவில் இருக்கும் பாக்கின் மேல் பெருகி விழும். இங்கே வால்வு ஸ்பிரிங்கின் விசை ஒரு முனையில். நடுவில் மாட்டியிருப்பது லோப். ஸ்பிரிங் கொடுக்கும் விசையைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு லோபின் மேல் இறங்குகிறது. ஸ்பிரிங்கைக் கடினமாக்கும் ஒவ்வொரு முறையும் இந்தப் பெருக்கம் கூடவே வரும் என்பதை டியூனிங் செய்பவர் மனதில் வைக்க வேண்டும்.

ஸ்பிரே குழாய்

உச்சியில் இருக்கும் கேமுக்கு ஆயில் எப்படிப் போகிறது? கேமுக்கு இணையாக ஒரு மெல்லிய இரும்புக் குழாய் ஓடுகிறது. அதில் லோபுகளை நோக்கிச் சிறு துளைகள். பம்ப் அனுப்பும் ஆயில் அந்தத் துளைகள் வழியாக லோபின் மேல் பீய்ச்சப்படுகிறது. ஏற்பாடு அவ்வளவுதான். ஒரு துளை அடைத்தால், அதற்குரிய லோபுக்கு வேறு வழியில் நேராக ஆயில் வராது. பக்கத்து லோபிலிருந்து தெறிப்பது மட்டும்தான்.

துளை அடைக்க என்னென்ன காரணங்கள் என்று பார்த்தால், பழைய கார்களில் எல்லாமே கைவசம் இருக்கின்றன. குளிரில் சின்னச் சின்ன தூரம் ஓட்டுவது, ஆயில் மாற்றும் தவணையைத் தள்ளிப்போடுவது, தேய்ந்த பிஸ்டன் ரிங்குகள் வழியாகக் கீழே இறங்கும் வாயு, அந்த வாயு வெளியேற வேண்டிய பிரீதர் அடைத்துப்போவது எல்லாம் சேர்ந்து கறுப்புச் சேறை உண்டாக்கும். அது போய் உட்காரும் இடங்களில் ஒன்று இந்தக் குழாய். புதுப்பித்த இன்ஜினில் ஆபத்து வேறு உருவத்தில் வரும். தாராளமாகத் தடவிய சிலிகான் பசை, கேஸ்கெட் ஓரத்தில் பிதுங்கி, உதிர்ந்து, ஆயிலோடு பயணித்து ஒரு துளையில் போய் நிற்கும். ஹெட்டை மணல் அல்லது கண்ணாடிமணி அடித்துச் சுத்தம் செய்திருந்தால், ஆயில் பாதையில் தங்கிவிட்ட துகள்கள் இன்ஜினைக் கிளப்பிய முதல் நாளே வேலையைக் காட்டும். அதனால்தான் 'புத்தம் புது இன்ஜின், எப்படித் தேயும்?' என்ற கேள்விக்கு பின்டோவில் பதில் எளிது. புதிதாகப் பிரித்துக் கட்டிய இன்ஜினில்தான் இந்தத் துளைகளுக்கு ஆபத்து அதிகம்.

துளைகளை மெல்லிய கம்பியால் குத்திச் சுத்தம் செய்யலாம். ஆனால் குழாயின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் சேறு அடுத்த வாரம் நகர்ந்து வந்து மீண்டும் அடைக்கும். இந்தக் குழாய் விலை குறைந்த பாகம். கேம் மாற்றும் ஒவ்வொரு முறையும் இதையும் மாற்றுவதைத் தவிர வேறு யோசனைக்கே இடம் இல்லை என்பது என் உறுதியான கருத்து. கேம் தயாரிப்பாளர்கள் பலரும் கேம், எட்டு ஃபாலோயர், ஸ்பிரே குழாய் மூன்றையும் ஒரே பெட்டியில் போட்டு விற்பதற்கு இதுதான் காரணம்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கேம் பேரிங்குகள் தளர்ந்திருந்தால் ஹெட்டுக்கு ஏறிவரும் ஆயிலில் கணிசமான பங்கு அங்கேயே வழிந்துவிடும். குழாய் சுத்தமாக இருந்தும் பீய்ச்சல் மெலிந்திருந்தால் அடுத்த சந்தேகம் அங்கே. புது பேரிங் போட வேண்டுமென்றால் ஹெட் கீழே வந்துதான் ஆக வேண்டும். எப்படியும் பின்டோவில் கேம் ஹெட்டின் பின்பக்கமாகத்தான் வெளியே வரும். காரில் பின்னால் தடுப்புச் சுவர் இருப்பதால், கேமைக் கழற்ற ஹெட்டையும் கழற்ற வேண்டும். அந்த வேலையோடு பேரிங் பார்ப்பது தனிச் செலவு இல்லை.

கேட்லாக்கைத் திறக்கும்போது

டியூனிங் கேம் வாங்குபவர் முதலில் பார்ப்பது கால அளவு டிகிரியும் (கிராங்க் சுழற்சியில் வால்வு எத்தனை டிகிரி திறந்திருக்கிறது) தூக்கல் மில்லிமீட்டரும் (வால்வு எவ்வளவு திறக்கிறது)தான். ஸ்டாண்டர்ட் 2.0 லிட்டர் கேமின் கணக்கை எடுத்துக்கொள்வோம். இன்லெட் வால்வு பிஸ்டனின் உச்சப்புள்ளிக்கு 24 டிகிரி முன்பு திறந்து, அடிப்புள்ளிக்கு 64 டிகிரி பின்பு மூடுகிறது. எக்ஸாஸ்ட் அடிப்புள்ளிக்கு 70 டிகிரி முன்பு திறந்து, உச்சப்புள்ளிக்கு 18 டிகிரி பின்பு மூடுகிறது. இரண்டுக்கும் கால அளவு 268 டிகிரி. இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் 24-ம் 18-ம் சேர்ந்து 42 டிகிரி. இன்லெட்டின் உச்சத் தூக்கல் 110 டிகிரியிலும் எக்ஸாஸ்ட்டின் உச்சத் தூக்கல் 116 டிகிரியிலும் விழுகிறது, சராசரி 113.

இப்போது உதாரணத்துக்கு 290 டிகிரி கால அளவும் 108 டிகிரி மையமும் (உச்சத் தூக்கல் விழும் இடம்) உள்ள ஒரு கேமை எடுத்துக்கொண்டால், இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் 74 டிகிரியாகிறது. இன்லெட் மூடுவது அடிப்புள்ளிக்கு 73 டிகிரி பின்பு, அதாவது முன்பைவிட 9 டிகிரி தாமதம். குறைந்த வேகத்தில் பிஸ்டன் மேலே ஏறும்போது உள்ளே வந்த கலவையில் கொஞ்சம் திரும்ப வெளியே தள்ளப்படும். கீழ் வேகத்தில் இழுவை குறையும், ஐடிலிங் குதிக்கும், பிரேக்கை அழுத்த உதவும் சர்வோவுக்குப் போகும் வெற்றிடமும் குறையும். இதை ஈடுகட்ட 9.2:1 என்ற ஸ்டாண்டர்ட் அழுத்த விகிதத்தைக் கூட்ட வேண்டும்; அதற்கு ஹெட்டை ஃபேசிங் செய்வார்கள், அதாவது அதன் அடிமுகத்தைச் சீவி எடுப்பார்கள். ஃபேசிங் செய்தால் கேம் கிராங்குக்கு நெருங்கி வரும், கேம் டைமிங் தாமதமாகும். ஆகவே நகர்த்தி அமைக்கும் வெர்னியர் புல்லி வேண்டும். ஒரு எண்ணை மாற்றினால் இத்தனையும் பின்னால் வருகின்றன.

இதெல்லாம் சக்தியைப் பற்றியது. தேய்மானம் பற்றி கேட்லாக்கில் எதுவும் எழுதியிருக்காது. அதை வாங்குபவர்தான் எண்களுக்குள்ளிருந்து படித்தெடுக்க வேண்டும்.

தூக்கல் கூடினால் அதே ஸ்பிரிங்கே கூடுதலாக நசுங்கும். மூக்கின் மேல் விசை கூடும். மேலே சொன்ன ஒன்றரை மடங்குப் பெருக்கம் அதன்மேல். கூடவே, அதிகத் தூக்கலுள்ள லோபின் மூக்கு பல நேரம் கூர்மையாக இருக்கும். தொடும் பரப்பு குறுகி, அழுத்தம் மேலும் ஏறும். அப்புறம் வாங்குபவர் 'பாதுகாப்புக்கு' என்று ரேஸ் ஸ்பிரிங் ஒன்றையும் போடுவார். 6,500 ஆர்.பி.எம். தாண்டாத சாலைக் காருக்கு 8,000க்கான ஸ்பிரிங் போடுவது லோபின் ஆயுளைச் சும்மா செலவழிப்பது. அந்த வேகத்தில் வால்வு மிதக்காமல் (ஃபாலோயர் லோபை விட்டுப் பிரியாமல்) இருக்க எவ்வளவு விசை வேண்டுமோ அவ்வளவே போதும். ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை கேம் தயாரிப்பவரிடமே விட்டுவிடுவது நல்லது. முழுத் தூக்கலில் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் குறைந்தது 1 மி.மீ. இடம் இருக்கிறதா என்று மட்டும் நாம் அளந்து பார்க்க வேண்டும். வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடையே இன்லெட்டில் 2 மி.மீ., எக்ஸாஸ்ட்டில் 2.5 மி.மீ. என்ற பொதுவான விதியையும் களிமண் வைத்துச் சரிபார்க்க வேண்டும்.

அடுத்தது, பலரும் கவனிக்காமல் விடுவது: ஃபாலோயர் திட்டில் லோப் எங்கே உரசுகிறது என்பது. பழைய கேமையே அரைத்துப் புது வடிவம் கொடுத்த கேம்கள் மலிவாகக் கிடைக்கும். அரைக்கும்போது அடிவட்டம் (லோபில் மூக்கு தவிர்த்த வட்டப் பகுதி) சிறிதாகிறது. அதை ஈடுகட்ட உருண்டைத் தலை ஸ்டட்டை மேலே தூக்க வேண்டும். ஃபாலோயரின் சாய்வு மாறும். லோப் உரசும் கோடு திட்டின் ஓரத்தை நோக்கி நகரும். திட்டின் விளிம்பில் லோப் ஏறினால் ஆயில் படலம் அறுந்துபோகும். எவ்வளவு நல்ல ஆயிலும் அந்த விளிம்பில் நிற்காது. ஈயமில்லாத பெட்ரோலுக்காக எக்ஸாஸ்ட்டில் கடின சீட் (வால்வு மூடி உட்காரும் வளையம்) போட்ட ஹெட்டிலும் இதே சிக்கல் வரும். சீட்டின் ஆழம் மாறினால் வால்வுத் தண்டின் உயரம் மாறும், சாய்வும் மாறும். சரிசெய்ய வால்வு முனையில் தொப்பி போடுவதும் உண்டு, தண்டை அரைப்பதும் உண்டு. எதைச் செய்தாலும் கடைசியில் திட்டில் மார்க்கிங் நீலம் தடவி, இன்ஜினைக் கையால் இரண்டு சுற்று சுற்றி, உரசல் கோடு திட்டின் நடுவில் விழுகிறதா என்று எட்டு ஃபாலோயரிலும் பார்க்க வேண்டும். இந்த ஒரு வேலைக்கு அரைநாள் ஆகலாம். கேம் மாற்றும் வேலையிலேயே இதைவிடப் பயனுள்ள அரைநாள் எனக்குத் தெரியாது.

இதனால்தான் அரைத்த கேமைவிட, முழு அடிவட்டத்தோடு புது வார்ப்பிலிருந்து செய்த கேமை நான் பரிந்துரைப்பேன். பழைய ஃபாலோயரைப் புது கேமில் போடவே கூடாது. பழைய கேமோடு சேர்ந்து ஓடித் தேய்ந்த பள்ளம் அதில் இருக்கும். புது லோப் அந்தப் பள்ளத்தின் கரையில்தான் ஏறி இறங்கும்.

முதல் இருபது நிமிடம்

குறைந்த வேகத்தில்தான் மூக்கின் மேல் அழுத்தம் மிக அதிகம். கேட்க விசித்திரமாக இருந்தாலும் காரணம் நேரானது. வால்வு முழுத் தூக்கலை நெருங்கும்போது அதன் வேகம் குறைந்து நின்று திரும்புகிறது. வேகமாகச் சுழலும் இன்ஜினில், வால்வு தன் உந்தத்தால் மேற்கொண்டு ஓடப் பார்க்கும். அதைத் தடுக்கவே ஸ்பிரிங் விசையின் ஒரு பங்கு செலவாகிவிடும், லோபின் மூக்குக்கு வந்து சேர்வது மீதிதான். ஐடிலிங்கில் அந்த உந்தம் இல்லை. முழு ஸ்பிரிங் விசையும் மூக்கில் விழும். ஆயில் படலமும் அப்போதுதான் மிக மெல்லியது, பீய்ச்சலும் மிகக் குறைவு.

ஆகவே புது கேம் போட்ட இன்ஜினை முதன்முதலாகக் கிளப்பியதும் ஐடிலிங்கில் விடக்கூடாது. கிளம்பியவுடன் 2,000 முதல் 2,500 ஆர்.பி.எம்.மில், கொஞ்சம் ஏற்றி இறக்கியபடி இருபது நிமிடம் ஓட்ட வேண்டும். கிளம்புவதற்கு முன்பே லோபிலும் திட்டிலும் அசெம்பிளி பேஸ்ட் தடவி, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி ஸ்டார்ட்டரில் சுற்றி, ஸ்பிரே குழாயின் எல்லாத் துளைகளிலும் ஆயில் வருவதைக் கண்ணால் பார்த்த பிறகே மூடியைப் போட வேண்டும். கார்புரேட்டரில் பெட்ரோல், டிஸ்ட்ரிபியூட்டர் டைமிங் எல்லாம் முன்கூட்டியே சரியாக இருந்தால்தான் முதல் முயற்சியிலேயே கிளம்பும். கிளம்பாத இன்ஜினைப் பத்து நிமிடம் ஸ்டார்ட்டரில் சுற்றுவது, தடவிய பேஸ்ட்டைத் துடைத்தெடுப்பதற்குச் சமம். இரட்டை ஸ்பிரிங் போட்டிருந்தால், இந்த இருபது நிமிடத்துக்கு மட்டும் உள் ஸ்பிரிங்கைக் கழற்றி வைப்பது பழைய டியூனர்களின் வழக்கம். கூடுதல் வேலைதான், ஆனால் விலை உயர்ந்த கேம் என்றால் செய்யலாம்.

ஆயில் வேதியியல், அதற்குரிய இடத்தில்

துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த அந்தச் சேர்மம், உரசும் இடத்தின் சூட்டிலும் அழுத்தத்திலும் சிதைந்து, இரும்பின் மேல் மெல்லிய கண்ணாடி போன்ற பாஸ்பேட் படலமாகப் படிகிறது. ஆயில் படலம் அறுந்த கணத்தில் உலோகத்தோடு உலோகம் ஒட்டாமல் காப்பது அதுதான். பாஸ்பரஸ் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும் என்பதால் கார் தயாரிப்பாளர்களின் தரக் கட்டுப்பாடு 1990களின் நடுவில் அதை 0.10 சதவீதத்துக்கும், 2004இல் 0.08 சதவீதத்துக்கும் இறக்கியது. இந்த உச்சவரம்பு 5டபிள்யூ-30 போன்ற மெல்லிய ரகங்களுக்கானது. பழைய கார்களுக்கென்று விற்கும் 20டபிள்யூ-50 அந்தக் கட்டுப்பாட்டுக்குள் வருவதில்லை. பின்டோவுக்கு அந்த வகை ஆயில் போதும். தனியாகப் புட்டியில் வரும் சேர்மத்தை மேற்கொண்டு கலப்பதை நான் ஆதரிப்பதில்லை. ஆயிலில் உள்ள மற்றச் சேர்மங்களோடு அதன் அளவு ஏற்கனவே பொருத்தப்பட்டிருக்கிறது.

ஆயில் வந்து சேர்ந்த இடத்தில்தான் அதன் வேதியியல் வேலை செய்யும். துளை அடைத்த லோபுக்கு எந்த ஆயில் ஊற்றினாலும் ஒன்றுதான். மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கும் காரில் கேமின் மேலிருந்த ஆயில் முழுக்க வடிந்திருக்கும் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். திரும்பி வடியாமல் தடுக்கும் வால்வுள்ள ஃபில்டர் இங்கே அவசியம்.

தேய்ந்த கேமைப் படிப்பது

டேப்பெட் சத்தம் வந்ததும் எல்லோரும் ஃபீலர் கேஜை எடுப்பார்கள். இன்லெட் 0.20 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.25 மி.மீ. என்று சரிசெய்து மூடிவிடுவார்கள். இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. இந்த இடைவெளியை அளப்பது லோபின் அடிவட்டத்தில். தேய்வதோ மூக்கு. மூக்கு மட்டும் 1 மி.மீ. தேய்ந்திருந்தாலும் ஃபீலர் கேஜ் எல்லாம் சரி என்றே சொல்லும். திட்டும் தேய்ந்த பிறகுதான் இடைவெளியில் மாற்றம் தெரியும். அதற்குள் தேய்ந்த இரும்புப் பொடி ஆயிலோடு இன்ஜின் முழுக்கச் சுற்றியிருக்கும்.

எனவே தூக்கலை அளக்க வேண்டும். வால்வு ஸ்பிரிங் தட்டின் மேல் டயல் கேஜை வைத்து, கையால் சுற்றி, எட்டு வால்வின் தூக்கலையும் குறித்துக்கொண்டால் போதும். நான்கு இன்லெட்டுகளைத் தங்களுக்குள்ளும் நான்கு எக்ஸாஸ்ட்டுகளைத் தங்களுக்குள்ளும் ஒப்பிட வேண்டும். கேம் புதிதாக இருக்கும்போதே இந்த அளவுகளை எழுதி வைத்திருந்தால் பிறகு ஒவ்வொரு சர்வீஸிலும் பத்து நிமிட வேலை.

எந்த லோப் எப்படித் தேய்ந்திருக்கிறது என்பதே காரணத்தைச் சொல்லும். ஒரே ஒரு லோப் நாசமாகி மற்ற ஏழும் பளபளவென்று இருந்தால் முதல் சந்தேகம் அதற்குரிய துளை. எட்டும் ஏறக்குறைய ஒரே அளவில் தேய்ந்திருந்தால் ஸ்பிரிங், ரன்னிங்-இன் (மேலே சொன்ன முதல் இருபது நிமிட ஓட்டம்), ஆயில் இந்த மூன்றில் ஒன்று. எக்ஸாஸ்ட் லோபுகள் மட்டும் முந்தியிருந்தால், சிலிண்டரில் மிச்சமிருக்கும் அழுத்தத்தை எதிர்த்துத் திறக்கும் கூடுதல் சுமை ஏற்கனவே விளிம்பில் நின்ற ஸ்பிரிங்கைச் சேர்த்து எல்லையைத் தாண்டிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். திட்டின் ஒரு ஓரத்தில் மட்டும் உரசல் தடம் இருந்தால் சாய்வுக் கணக்கு தவறு. மேற்பரப்பில் சிறு குழிகள் விழுந்திருந்தால் அது அழுத்தச் சோர்வு. இழுத்துக் கீறிய தடம் இருந்தால் உலோகம் ஒட்டிப் பிய்ந்தது, அதாவது ஆயில் இல்லாமல் ஓடியிருக்கிறது.

இரண்டாம் தலைமுறை எஸ்கார்ட் ஆர்எஸ்2000 தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபோது 110 குதிரைத்திறன். வார இறுதியில் ஓட்டி, ஆண்டுக்குச் சில ராலிகளுக்குப் போகும் காருக்கு, கையில் இருக்கும் பணத்தை எப்படிப் பிரிப்பது என்று கேட்டால் என் வரிசை இது: முதலில் ஸ்பிரே குழாய், பேரிங், சுத்தமான ஆயில் பாதை, அடுத்து கேமோடு பொருந்திய எட்டுப் புது ஃபாலோயர், அதற்கேற்ற, அதற்கு மேல் போகாத ஸ்பிரிங், வெர்னியர் புல்லி. கேம் 280 டிகிரிக்குச் சற்று முன்பின்னாக இருக்கட்டும். அதைத் தாண்டிய கேமை, காரை 3,500 ஆர்.பி.எம்.முக்குக் கீழே ஓட்டவே போவதில்லை என்பவர் வாங்கலாம். அவரும் வாங்குவதற்கு முன், ஹெட்டைப் பிரித்து ஸ்டட் உயரத்தையும் திட்டின் உரசல் கோட்டையும் அளந்து எழுதிக்கொள்ளட்டும்.